பச்சை விழும் வரை

"தொடாதீங்க."

அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தையே அதுதான்.

தப்பு யார்மேல் என்று பார்த்தால், அது தாமரைமேல்தான். பிரிக்பீல்ட்ஸில் அன்று மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. பாதி தைத்த கல்யாணப் பிளவுஸை மார்போடு அணைத்தபடி, எதிர்க்கடையில் ஜரிகை நூல் வாங்க இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓடினாள். அவளைத் தவிர்க்க வளைந்த மோட்டார் சைக்கிள் வழுக்கியது. ஓட்டி வந்தவன் நடைபாதை விளிம்பில் போய் விழுந்தான்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றியபோது இமைகளில் மழைத்துளிகள் நின்றன. அந்தக் கண்களில் கோபத்தைத்தான் தேடினாள். இல்லை... ஒரு பொட்டுக்கூட இல்லை. இடது முழங்கையிலிருந்து ரத்தம் மட்டும் மழையோடு கலந்து இறங்கிக்கொண்டிருந்தது. கையில் வேறு துணி இல்லை. பிளவுஸையே மடித்து அந்தக் காயத்தில் வைத்து அழுத்தினாள்.

அவன் சடாரென்று கையை இழுத்துக்கொண்டான். அப்போதுதான் அந்த வார்த்தை.

தாமரைக்குச் சுருக்கென்றது. உதவ வந்தால் இப்படியா?

"ஏன் பாஸ்? நான் தொட்டா கரண்ட் அடிக்குமா?"

அவன் அவள் ஆள்காட்டி விரலைப் பார்த்தான். காலையில் கத்தரி கிழித்த வெட்டு. ஒட்டியிருந்த பிளாஸ்டர் மழையில் எங்கோ போய்விட்டது. வெட்டின் வாயில் சிவப்பு... அவளுடையதா, அவனுடையதா, தெரியவில்லை.

"அக்கா, எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கு. ரத்தத்துல பரவும். முதல்ல அந்தக் குழாயில சோப்பு போட்டு விரலைக் கழுவுங்க. அப்புறம் நேரா ஆஸ்பத்திரி."

கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஏழெட்டுப் பேர் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை. தன் பெயரைச் சொல்வதுபோல் நோயைச் சொன்னான்.

தாமரைக்குப் பயம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது வேறொன்று... நரை எட்டிப் பார்க்கும் இந்த ஆள் என்னை அக்கா என்கிறானே.

பூக்கடைக் குழாயில் அவள் கழுவி முடிக்கும்வரை தள்ளி நின்று பார்த்தான். பிறகு வாடகைக் கார் ஒன்றை வரவழைத்து அவளைப் பின்னால் ஏற்றிவிட்டு, தன் கையைத் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். வழியெல்லாம் அவளிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான், முன்பு தடுப்பூசி போட்டதுண்டா என்று. அவளுக்கு முப்பத்தெட்டு. அவனுக்கு நாற்பது. பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அந்த ஊசி போடும் வழக்கம் நாட்டில் தொடங்கும் முன்பே பிறந்துவிட்டவர்கள் இருவரும்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் மிஸ்ஸி தங்கமணி. முப்பது வருஷமாக நர்ஸ் வேலை பார்ப்பவர். யாரையும் பயமுறுத்தாமல், யாருக்கும் பொய்யும் சொல்லாமல் பேசுகிறவர். ரத்தம் எடுத்தார். கிருமியை எதிர்க்கும் சக்தி கொண்ட ஊசி ஒன்று, தடுப்பூசி ஒன்று, கைக்கொன்றாக அவளுக்குப் போட்டார். ஒரே நாளுக்குள் வந்ததால் தப்பிக்க வாய்ப்பு மிக அதிகம் என்றார்.

"அப்போ இன்னைக்கு எடுத்த ரத்தத்துலேயே தெரிஞ்சிடுமா, மிஸ்ஸி?"

"இன்னைக்கு ரத்தம் நேத்து வரைக்கும் உள்ள கதையைத்தான் சொல்லும்மா. கிருமி இப்போ உள்ள போயிருந்தா டெஸ்ட்ல தெரிய சாதாரணமா நாலு வாரம் ஆகும். சிலருக்கு ஒன்பது வாரம். உனக்கு ஊசி வேற போட்டிருக்கு, அதனால கடைசி பதில் ஆறு மாசத்துலதான். நடுவுல வர்ற எதையும் முடிவுன்னு நம்பாதே."

ஆறு மாசம். தாமரை விரலைப் பார்த்துக்கொண்டாள். ஊசியும் நூலும்தான் அவள் சோறு. பதினாறு வருஷமாக அந்த விரல் தொடாத மணப்பெண் பிளவுஸ் அந்தத் தெருவில் குறைவு.

தேதிகளை எல்லாம் அவன்தான் குறித்துக்கொண்டான். அவன் பெயர் குகன். காப்பார் ஊர்க்காரன். ரயில் பாதையில் சிக்னல் பராமரிக்கும் டெக்னீஷியன். தன் முழங்கைக்குத் தையல் போடும்போதுகூட, அடுத்த ஊசி எந்தக் கிழமை விழுகிறது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தான்.

மறுநாள் வேலை முடிந்து அவள் தையல் கடைக்கு வந்தான், கெட்டுப்போன பிளவுஸுக்கு மன்னிப்புக் கேட்க. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு, சட்டத்தில் புதுத் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் தங்க நூலில் மயில் ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தாள் அவள். அவன் வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்தான்.

"உள்ள வாங்க பாஸ். மயில் கொத்தாது."

"இல்ல... இவ்வளவு சின்ன ஊசியில இவ்வளவு பெரிய வேலையான்னு பார்க்கிறேன், அக்கா."

"இன்னொரு தடவை அக்கான்னா, அந்தச் சின்ன ஊசிக்கு வேற வேலை வந்துடும் லா."

அவன் சிரித்தான். அன்றிலிருந்து அவள் அவனுக்கு 'டெய்லர்'. அவன் அவளுக்கு 'சிக்னல்'. அண்ணே என்று மட்டும் வாய்தவறியும் கூப்பிடக் கூடாது என்று தாமரை அன்றே முடிவு செய்துகொண்டாள். ஏன் என்று தன்னிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த நாளும் வந்தான். பிளவுஸ் கொக்கிக்குக் காத்திருந்த சாயங்காலத்தில், பால் விடாத கோப்பி ஓ ஆறிக்கொண்டிருக்க, அவள் கேட்டுவிட்டாள். அவ்வளவு பேர் முன்னால் எப்படிச் சொல்ல முடிந்தது? நோய் அம்மாவிடமிருந்து பிறப்பிலேயே வந்தது என்றான். அம்மா இப்போது இல்லை. அவளைக் குறை சொல்லத் தனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை என்றான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறான், ஆரோக்கியமாக இருக்கிறான். மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் தேநீர் வரும்போதே சொல்லிவிட்டான். மூன்றாவது வீட்டில் அவன் குடித்த கிளாஸை அவன் கண்ணெதிரிலேயே குப்பையில் போட்டார்கள்.

"மறைச்சிருக்கலாமே?"

"சிக்னல்ல ரொம்ப மோசமான கோளாறு எது தெரியுமா, டெய்லர்? பச்சை விழாம போறது இல்ல. விழ வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே விழறது. அதை நம்பி ஒரு ரயில் வந்துடும்."

தாமரை ஊசியைக் கீழே வைத்தாள். இப்படி ஓர் ஆள் மேல் பெருமைப்பட அவளுக்கு என்ன உரிமை? இல்லைதான். இருந்தும் பட்டாள்.

கிள்ளானில் வீட்டில் இருந்த தாமரையின் அம்மா இராஜம்மாவுக்கு ஆறு மாசம் என்ற கணக்கு புரியவே இல்லை. மகளுக்கு ஏற்கனவே கல்யாணம் தள்ளிப்போகிறது. இதில் ரத்தத்தில் ஏதோ என்றால்? ஊசி போட்ட ஐந்தாம் நாள், காய்கறி வாங்க பாசாருக்கு என்று சொல்லி மகளை அழைத்துப்போய் ஒரு தனியார் லேபில் உட்காரவைத்தார். முன்பு ஊசி ஏதும் போட்டார்களா என்று கவுண்டரில் கேட்டபோது, தாமரை வாய் திறக்குமுன் இல்லவே இல்லை என்றார். சொன்னால் டெஸ்ட் எடுக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அம்மாவின் முகத்தைப் பார்த்து தாமரையும் சும்மா இருந்துவிட்டாள்.

மறுநாள் தாள் வந்தது. கிருமியின் அடையாளம் இருக்கிறது என்றது தாள்.

இராஜம்மா சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, மகளின் போனிலிருந்து குகனின் எண்ணை எடுத்துப் பேசினார். என்ன பேசினார் என்று தாமரைக்கு முழுதாகத் தெரியாது. கடைசி வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது: "என் பொண்ணு வாழ்க்கையில இனிமே வராதே தம்பி."

அவன் வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஒரே ஒரு செய்தி வந்தது. 'என்னை மன்னிச்சிடுங்க. மருந்துச் செலவு, அலைச்சல், எதுவானாலும் நான் இருக்கேன். முகத்தை மட்டும் காட்ட மாட்டேன்.'

தாமரை ஒரு முழு நாள் ஊசியைத் தொடவில்லை. கண்ணாடியில் தன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்... மஞ்சளா? இல்லை. அழுத சிவப்பு. பிறகு ஏதோ உறைத்தது. நடுவுல வர்ற எதையும் நம்பாதே என்று ஒருவர் சொன்னாரே? தாளை எடுத்துக்கொண்டு, அம்மாவையும் இழுத்துக்கொண்டு மிஸ்ஸி தங்கமணியிடம் போனாள்.

மிஸ்ஸி தாளின் தேதியைப் பார்த்தார். தாமரையின் ஊசி அட்டையைப் பார்த்தார். பிறகு இராஜம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

"அக்கா, தடுப்பூசி மருந்துல இருக்கிறது கிருமி இல்ல, அதோட மேல் தோல் மாதிரி ஒரு துண்டு. அந்தத் தோலைப் பார்த்து உடம்பு பழகிக்கும். டெஸ்ட்ல தேடறதும் அதே தோலைத்தான். ஊசி போட்டு ரெண்டு மூணு வாரத்துக்குள்ள தேடினா, சில பேருக்கு ஊசியே மாட்டிக்கும். எல்லாருக்கும் இல்ல, உங்க அவசரத்துக்கு மாட்டியிருக்குன்னு நினைக்கிறேன். ஒரு மாசத்துல, அடுத்த ஊசிக்கு முன்னாடி மறுபடி எடுத்துப் பார்ப்போம்."

இராஜம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். லேபில் சொன்ன அந்த 'இல்லவே இல்லை' இப்போது அவரையே குத்தியது.

அன்றே தாமரை காப்பாருக்குப் போனாள். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, மழை விட்ட ஈரத்தில், வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அவன். அவளைக் கண்டதும் எழுந்தான். இரண்டு நாள் தாடி. அந்தக் கண்கள்... அன்று மழையில் பார்த்த கண்களா இவை?

அவள் தாளை நீட்டி, மிஸ்ஸி சொன்னதையெல்லாம் சொன்னாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள்.

"சீக்கிரம் விழுந்த சிக்னலை நம்பக் கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்களே, சிக்னல். அது சிவப்புக்குக் கிடையாதா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. மறைக்க, கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்து இன்னும் கறுப்பாக்கிக்கொண்டான். வருகிறேன் என்றான், ஒவ்வொரு டெஸ்டுக்கும் வருகிறேன் என்றான். ஆனால் ஆறு மாதம் முடியும்வரை தன்னிடம் வேறெதுவும் கேட்கக் கூடாது. இப்போது எது பேசினாலும் அது குற்ற உணர்ச்சியா, வேறா என்று தனக்கே தெரியாது என்றான்.

"யாரு கேட்டா?" என்று திரும்பி நடந்தாள் தாமரை. அவளுக்கும் ரோஷம் இருந்தது. கார் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை. ஏறிய பிறகு... பார்த்தாள்.

ஒரு மாதத்தில் எடுத்த ரத்தத்தில் எதுவும் இல்லை. இரண்டாவது ஊசி போட்டார்கள். மூன்று மாதத்திலும் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் குகன் வந்தான், தாழ்வாரத்தின் கடைசித் தூணருகே நின்றான், ரிசல்ட் கேட்டான், போனான். மூன்றாம் மாதம் இராஜம்மாவும் கூட வந்திருந்தார். அன்றும் நல்ல மழை. தூணருகே நனைந்துகொண்டு நிற்பவனை வெகுநேரம் பார்த்தார். உள்ளே போய், ஒரே கிளாஸில் குடித்தால் தொற்றாது என்று மிஸ்ஸியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். பிறகு பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி, நேராக அவனிடம் போய் நீட்டினார்.

"வேணாம்மா. இது உங்க வீட்டுது."

"குடி தம்பி."

அவன் பாதி குடித்தான். இராஜம்மா மூடியை வாங்கி, மீதியை அங்கேயே நின்று தான் குடித்தார். தாமரை பெஞ்சில் உட்கார்ந்து தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்ட நாள் அவள் வாழ்வில் வேறில்லை.

சித்திரை பிறந்து சில நாளில் ஆறு மாதம் முடிந்தது. ரத்தம் கொடுத்து, பதில் வாங்க மூவரும் வந்திருந்தார்கள். மிஸ்ஸி தங்கமணி ஒட்டிய உறையோடு வெளியே வந்தார். குகன் தூணருகிலிருந்து இரண்டடி முன்னால் வந்து நின்றான்.

"மிஸ்ஸி, ஒரு நிமிஷம். பிரிக்காதீங்க."

அவள் எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"குகன்." முதல் முறையாகப் பெயர் சொன்னாள். "இது நல்லபடியா வந்தப்புறம் நான் சொன்னா, தப்பிச்ச சந்தோஷத்துல சொல்றேன்னு நினைப்பீங்க. வேற மாதிரி வந்தப்புறம் நீங்க சொன்னா, பாவத்துக்குப் பரிகாரம் பண்றீங்கன்னு நான் நினைப்பேன். அதனால இப்பவே சொல்லிடறேன். உள்ள என்ன எழுதியிருந்தாலும், எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அத்தனை பேர் முன்னாடி தலை குனியாம உண்மையைச் சொன்னீங்களே... அந்த நிமிஷத்துல இருந்து."

"தாமரை... சிக்னல் இன்னும் விழல."

"அது ரத்தத்தோட சிக்னல். இது என் லைன். இதுல பச்சை போடறது நான்தான்."

அவன் அவளையே பார்த்தான். வெயில் அடிக்கிற பகலில் அந்த இமைகளில் மறுபடி துளிகள்.

"எனக்கு அன்னைக்கே," என்றான் மெல்ல. "தொட்டா கரண்ட் அடிக்குமான்னு கேட்டீங்களே... அடிச்சது."

மிஸ்ஸி தொண்டையைச் செருமினார். இப்போதாவது பிரிக்கலாமா, இல்லை கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார். பிரித்தார். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"இல்லம்மா. எதுவும் இல்ல. இதுதான் கடைசி பதில்." மூன்றாவது ஊசியை எடுத்து வைத்தபடியே சொன்னார், இன்னும் இரண்டு மாதத்தில் எதிர்ப்பு சக்தி எவ்வளவு என்று அளந்து பார்க்கலாம் என்று. அதுவும் நன்றாக வந்துவிட்டால், இந்த ஆளோடு நூறு வருஷம் குடும்பம் நடத்தினாலும் அந்தக் கிருமி அவளை ஒன்றும் செய்யாது என்று.

இராஜம்மா அதற்குள் செமினியில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுவிட்டார். தாழ்வாரம் முழுக்கக் கேட்கும் குரல் அவருக்கு.

"ஆமா, காப்பார்தான்... என்ன வியாதியா? இருக்கு, ஏன் இல்லாம? அதை எங்ககிட்ட முதல் வார்த்தையாச் சொன்னவரு எங்க மாப்பிள்ளை. உங்க பக்கம் அப்படி ஒரு ஆளு இருந்தா காட்டு பார்ப்போம்."

குகன் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தான். முழங்கையில் அந்த மழைநாளின் தழும்பு. தாமரை தன் ஆள்காட்டி விரலை, ஊசி குத்திக் குத்திக் காய்த்த அதே விரலை, அதன்மேல் வைத்தாள்.

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.