மணல் தொட்டியில் இரண்டாவது ஆமை

ஜெயமேரி வாங்கி வந்த ஆமை பின்னறை மணல் தொட்டியில் மறுபடியும் மல்லாந்து கிடந்தது. அதன் கால்கள் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன. மறுமூலையில் ஜூலியின் ஆமை மணலில் வயிறு பதித்துக் கண்மூடி இருந்தது. உள்ளங்கையளவுதான் இருக்கும். அது இவ்வளவு பெரியதை எப்படிப் புரட்டியிருக்கும்?

ஜூலி, ஜேக்கபின் முதல் மனைவி. இறந்துபோனவள். அவள் வளர்த்த ஆமையின் முன் உட்கார்ந்து ஜேக்கப் தினமும் கீரை ஊட்டுவான், வாய் ஓயாமல் பேசுவான். இரண்டாவதாக வந்த ஜெயமேரியிடம் அப்படி ஒருநாளும் பேசியதில்லை. வயிற்றெரிச்சல் தாளாமல்தான் அவள் கடலூரிலிருந்து பஸ் ஏறி, ஆமை வாங்கச் சிதம்பரம் போனாள்.

"ரெண்டையும் ஒண்ணா விடாதீங்கம்மா. பெருசு சின்னத தின்ன விடாது. சின்னது ஏங்கியே செத்துடும்," என்றார் கடைக்காரர்.

அதைக் கேட்ட பிறகுதான் இருப்பதிலேயே பெரியதாகப் பொறுக்கினாள்.

"ஒண்ணு போதாதா மேரி?" என்றான் ஜேக்கப்.

"அது அவுங்களோடது. எனக்குன்னு ஒண்ணு வேணாமா?"



இன்று அவன் வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. பொழுது சாய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. துறைமுகத்துப் பக்கமிருந்து கருவாட்டு வாடையும் உப்புக் காற்றும் ஜன்னல் வழியே வந்து பின்னறையை நிறைத்தன. ஜெயமேரி தன் ஆமையை நிமிர்த்திவிட்டு, இரண்டுக்கும் நடுவே பலகை ஒன்றைச் செருகிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சோறு கொதிக்கும்போது கரண்ட் போனது. பின்னறையில் மணல் சரியும் ஓசை. அப்புறம், டொக். ஓடு தொட்டிச் சுவரில் மோதும் சத்தம்.

செல்போன் வெளிச்சத்தோடு ஓடினாள். பலகை அப்படியே நின்றது. அவளுடைய ஆமை மல்லாந்து கிடந்தது. இம்முறை கால்கள் அசையவில்லை.

தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மறுபுறம் வெளிச்சம் விழுந்தது.

மணலில் ஒரு கை.

மணிக்கட்டு வரை. பெண்ணின் கை. விரல்களுக்கு நடுவே ஒரு கீரைத் தண்டு. ஜூலியின் ஆமை கழுத்தை நீட்டி, அவசரமில்லாமல் கடித்துத் தின்றது. ஒரு சாண் மணல்தான். அதற்குக் கீழே சிமெண்டுத் தரை.

தண்டு தீர்ந்தது.

கை மணலிலிருந்து நீண்டு விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தது. ஜெயமேரியால் பிடியை விட முடியவில்லை.

சில்லிட்ட விரல்கள் அவளுடைய கல்யாண மோதிரத்தில் வந்து நின்றன. பிறகு, மெதுவாக, அதைத் திருகத் தொடங்கின.