இடது கை

காலை பதினொரு மணி. சுள்ளென்று வெயில். பேய் பிசாசுக்குப் பயப்படுகிற நேரமே இல்லை. அக்காவும் தங்கையும் பயந்தது பல் டாக்டருக்குத்தான்.

இருவருக்கும் ஆளுக்கொரு கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும். அக்காவுக்கு இதயம் பலவீனம். திடீர் வலி ஆகவே ஆகாது. அதனால் ஆழம் பார்க்க முதலில் போகிறவள் தங்கை. தையல் வேலை செய்கிறவள், வாய் ஓயாதவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

"வெளிய வரும்போது வாயில பஞ்சு இருக்கும், பேச முடியாதுடி," என்றாள் அக்கா. "வலிச்சுதுன்னா கையைத் தூக்கிக் காட்டு. செருப்பைக்கூட மாட்டாம ஓடிடறேன்."

"நீ ஓடுற அழகைப் பார்க்கவாவது தூக்குவேன்க்கா."

உள்ளே கிராம்புத் தைல வாடை. அதற்கு அடியில் காயாத துணியின் வாடை. நர்ஸ் கதவைத் தாழிட்டாள்.

"பாதியில எழுந்து ஓடிடறாங்கம்மா," என்று சிரித்தாள்.

நாற்காலி பழையது. இடது கைப்பிடியின் ரெக்சினில் ஐந்து தையல்கள். தங்கையின் கண் சும்மா இருக்குமா? விரித்த ஐந்து விரல்களின் இடைவெளியில் ஐந்து கிழிசல்கள். உட்கார்ந்தவர்கள் கீறியவை அல்ல. உள்ளிருந்து வெளியே கிழிந்திருந்தன.

"எத்தனை தடவை தைச்சாலும் கிழிஞ்சுடுது," என்றாள் நர்ஸ்.

டாக்டர் வயதானவர், சாந்தமானவர். ஊசி போட்டுவிட்டுச் சொன்னார்: "உதடு தடிச்ச மாதிரி இருக்கும். அழுத்துறது தெரியும், நறுக்குன்னு சத்தம் கேக்கும். வலி தெரியாது. தெரிஞ்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன். நான் முகத்தைப் பார்க்க மாட்டேன். வலிக்காதவங்களும் முகத்தைச் சுளிப்பாங்க. எனக்குக் கைதான் அடையாளம்."

உதடு மரத்தது. பல் மரக்கவில்லை.

குறடு பல்லைக் கவ்வித் திருகியபோது உச்சந்தலைவரை வலி பாய்ந்தது. இடது கையைத் தூக்கினாள்.

கை எழவில்லை.

மணிக்கட்டை ஏதோ ஒரு கை பிடித்திருந்தது. ஈரமாய், சில்லென்று. நர்ஸ்தான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்ணைச் சுழற்றினாள். நர்ஸ் வலப்பக்கம் நின்றாள். ஒரு கையில் எச்சில் உறிஞ்சும் குழாய், மறு கை விளக்கில். டாக்டரின் இரண்டு கைகளும் இவள் வாய்க்குள்.

அப்படியானால் இது யார் கை?

வலது கையைத் தூக்கினாள். "டாக்டர் கையைத் தட்டிடாதீங்கம்மா," என்று நர்ஸ் முழங்கையால் அமுக்கினாள். தங்கை தொண்டைக்குள் அலறினாள்.

"அவ்வளவுதான், அவ்வளவுதான்," என்றார் டாக்டர், கைப்பிடியைப் பார்த்தபடி.

நறுக்.

"தைரியசாலிதான்மா! கையே தூக்கலையே." பஞ்சை வைத்தார். "அரை மணி நேரம் வாயைத் திறக்காதீங்க."

அவள் எழுந்தாள்.

மணிக்கட்டில் இருந்த பிடியும் கூடவே எழுந்தது.

வெளியே அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். தங்கை உயிரைக் கொடுத்து இழுத்தாள். இடது கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது. வலது கையைத் தூக்கப் போனாள். அதன்மேலும் சில்லென்று ஐந்து விரல்கள் படிந்தன.

"தூக்கலையே! அப்பாடா!" அக்காவின் முகம் மலர்ந்தது. "சும்மாவே பயந்து செத்தேன்டி."

தங்கை பஞ்சைத் துப்பினாள். மருந்து இப்போதுதான் முழுசாக ஏறியிருந்தது. தடித்த நாக்கில் ஒரு சொல்லும் உருளவில்லை. எச்சிலும் ரத்தமும்தான் வழிந்தன.

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?" நர்ஸ் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அக்காவை உள்ளே அழைத்துப் போனாள்.

தாழ்ப்பாள் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டரின் சாந்தமான குரல் கேட்டது. "தெரிஞ்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்."

அப்போதுதான் தங்கையின் இரண்டு கைகளிலும் இருந்த பிடி விட்டது.

பாய்ந்து போய்க் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். யாரும் திறக்கவில்லை. பல் பிடுங்குகிற இடத்தில் தட்டுகிற சத்தத்தை யார் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்?

"அவ்வளவுதான், அவ்வளவுதான்."

நறுக்.

"தைரியசாலிதான்மா நீங்களும். கையே தூக்கலையே."



"அம்மா?" என்றது அதே குரல். "அம்மா, கண்ணைத் திறங்க."