சக்கரம் நின்ற நேரம்

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டுச் சோற்றுக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்த பிறகும் றிப்னாஸின் காதில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் வேலைசெய்யும் இறால் பண்ணை கடலை ஒட்டிய களப்போரத்தில், மோட்டார் சைக்கிளில் போனாலும் நல்ல தூரம். குளத்துத் தண்ணீரை அடித்து அடித்துக் காற்றூட்டும் அந்தச் சக்கரத்தின் சளசளப்பு இங்கே, கறி வாசத்துக்கும் நுளம்பை விரட்டும் திரியின் புகைக்கும் நடுவில் கேட்க நியாயமில்லை. ஆனால் கேட்டது.

போன மாதம் அவன் கண்ணயர்ந்த நேரம் சக்கரம் நின்றுபோனது. அவன் எழும்பி டோர்ச் அடித்தபோது, அடியில் கிடக்க வேண்டிய இறால் எல்லாம் மூச்சுமுட்டி மேலே வந்து, சிவப்புச் சிவப்பாகக் கண்கள் மின்ன மிதந்தன. ஒன்றும் தப்பவில்லை. இன்னொரு தரம் நடந்தால் வேலை இல்லையென்று முதலாளி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவனுக்குப் பசி, கோபம், பயம் எல்லாமே மரத்துப்போய்விட்டன. சத்தம் கேட்டால் போதும்.

"இஞ்ச பாருங்க, புள்ளக்கி இழுப்புக் கூடிட்டு," என்றாள் மனைவி ஷிம்லா.

உள்ளறையில் ஆறு வயது ஸுஹைராவின் நெஞ்சு கர்கர்ரென்று ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரே சீரான சத்தம். அது அவனுக்கு இதமாகக்கூட இருந்தது.

"ஓம்," என்று சோற்றைப் பிசைந்தான்.

"ஊட்ட வந்தும் குளத்திலதான் இரிக்கிறீங்க. நான் ஆட்டோ கூட்டிட்டு வாறன். அவட பக்கத்த உட்டு அசையாதீங்க."

அவள் போனாள். கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்தது.

காதிலிருந்த சத்தமும் நின்றது.

கையைக்கூடக் கழுவாமல் முற்றத்துக்கு ஓடி, அண்ணன் முறை வைத்து நானா என்று அவன் அழைக்கும் பண்ணைக் காவலாளிக்குப் போன் எடுத்தான்.

"முத்தலிபு நானா, சக்கரம் ஓடுதா?"

"ஜெனரேட்டர் போட்டாச்சு தம்பி. இந்தா, நீயே கேளு."

முத்தலிபு போனைக் குளத்துப் பக்கம் பிடித்தார். சளசள, சளசள. றிப்னாஸ் கண்ணை மூடிக் கேட்டான். வெகுநேரம் கேட்டான். நெஞ்சு ஆறியது.

அப்படியென்றால் நின்றது எது?

டோர்ச்சோடு உள்ளே போனான். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அறையில் குளத்துச் சேற்றின் மணம். காலடியில் ஈரம். கட்டிலில் வெளிச்சம் விழுந்தது. தலையணை இருந்தது. போர்வை இருந்தது.

பிள்ளை இல்லை.

எங்கே தேடுவதென்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததுதான் கொடுமை.

டோர்ச்சை உயர்த்தினான்.

கூரைத் தகட்டோடு முதுகு ஒட்டி, கவுன் விரிந்து அலைய, ஸுஹைரா மிதந்துகொண்டிருந்தாள். வாய் திறந்தது. மூடியது. திறந்தது. கண்கள் இரண்டும் சிவப்பாக மின்னின.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. "புள்ளயத் தூக்கிட்டு வாங்க!" ஷிம்லாவின் குரல்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. சக்கரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"நானா," என்றான் றிப்னாஸ். "மேல வந்திட்டு."