மசங்கல் பேச்சு செல்லாது

காலை பத்து மணி ஆனால் தூத்துக்குடியில் தெருவுக்கு நாலு வீட்டு வாசலில் சாம்பல் நிற அட்டை தொங்கும். உள்ளே யாரோ வலிமருந்து போட்டிருக்கிறார் என்று அர்த்தம். கூரியர் ட்ரோன்கூட மணி அடிக்காமல் பொட்டலத்தை வைத்துவிட்டுப் பறந்துவிடும். ரெக்சலின் வீட்டு வாசலில் அந்த அட்டை ஆறு வருடமாகத் தினமும் இரண்டு வேளை தொங்கியது.

பழைய வலிமருந்துகள் ஊர் ஊராக மனிதர்களை அடிமையாக்கியதும் அவற்றைத் தடைசெய்து கப்பா மருந்துகளைக் கொண்டுவந்தார்கள். நரம்பணுவின் மேலிருக்கும் கப்பா ஏற்பியை இவை பிடித்துக்கொண்டால் வலி நின்றுவிடும். போதை கிடையாது. இன்னொரு ஊசி கொடு என்று யாரும் கெஞ்சுவதும் கிடையாது. கெஞ்ச மாட்டார்கள், ஏனென்றால் ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்கு மனம் இருண்டுபோய், உலகமே கைவிட்டதுபோல் ஆகிவிடும். மக்கள் அதற்கு மசங்கல் என்று பெயர் வைத்தார்கள்.

மசங்கலில் இருப்பவரைத் தனியே விடக் கூடாது, வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்பது சட்டம். மசங்கலில் பேசிய பேச்சு செல்லாது என்பதும் சட்டம்தான். உயில் செல்லாது, விவாகரத்து செல்லாது, வசவும் செல்லாது. இதுதான் சாக்கு என்று மருந்தே போடாமல் அட்டையை மாட்டிவிட்டு மாமியாரை வெளுத்து வாங்கிய மகராசிகளும் ஊரில் உண்டு.

ரெக்சலினின் கணவன் கிளாட்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். இடுப்பு நொறுங்கிய பிறகு அவன் ஒவ்வொரு மசங்கலிலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னான்: "என்னைய விட்டுட்டுப் போயிரு, ரெக்சி." அவளும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "மசங்கல் பேச்சு செல்லாது." சொல்லிவிட்டு மடியிலிருந்த ஆய்வுத்தாளைப் புரட்டுவாள். அவள் படித்ததே அந்த ஏற்பியைத்தான். அதைத் தொட்டால் நரம்பணுவுக்குள் இரண்டு சேதிகள் ஓடுகின்றன, ஒன்று வலியை நிறுத்துகிறது, மற்றது மனதை இருட்டாக்குகிறது. முதல் சேதியை மட்டும் அனுப்பும் மூலக்கூறு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நின்று செய்தும் காட்டினாள். 'தெளிவி' என்று பெயரிட்டார்கள்.

இன்றுதான் வீட்டில் தெளிவியின் முதல் ஊசி. அவள் அட்டையை மாட்டவில்லை.

கால் மணி நேரத்தில் கிளாட்வின் காலை நீட்டினான். அரை மணி நேரத்தில் டீ கேட்டான், சர்க்கரை குறைச்சல் என்று குறையும் சொன்னான். ரெக்சலினுக்குப் பெருமை தாங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் சொன்னான், "ரெக்சி, நீ போயிரு."

"மசங்கல் பேச்சு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அவன் கண்கள் தெளிவாக இருந்தன.

"ஹைதராபாத் ஆஸ்பத்திரில இருந்து மூணு தடவ கூப்பிட்டாங்கல்லா? தீக்காயம் பட்ட சின்னப் பிள்ளையளுக்கு இதே மருந்தச் செய்யணும்னு? வீட்ல மசங்கல்னு சொல்லி மூணு தடவயும் மாட்டேன்னுட்ட. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்போ ஆறு வருஷமா ரெண்டு வேளையும் சொன்னீங்களே, அது மருந்து சொல்லலையா? நீங்கதான் சொன்னீங்களா?"

"பாதி மருந்து. பாதி நான்."

"தெளிஞ்ச நேரத்துல சொல்லியிருக்கலாம்லா?"

"தெளிஞ்ச நேரத்துல சொன்னா நீ நெஜமாவே போயிட்டா என்ன செய்ய? மசங்கல்ல சொன்னா செல்லாது. தைரியமாச் சொல்லலாம்." அவன் போர்வையின் ஓரத்தைச் சுருட்டினான். "சட்டத்துக்காக உக்காந்திருக்கியா, எனக்காக உக்காந்திருக்கியான்னு எனக்குத் தெரியவே இல்லடி."

ரெக்சலினுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஹைதராபாத்துக்கு மாட்டேன் என்று எழுதிய ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வருத்தமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. முடிவெடுக்கும் வேலையைச் சட்டம் பார்த்துக்கொண்டது. அந்தச் சட்டத்துக்கு இந்த வீட்டில் வேலை இல்லாமல் செய்தவள் அவளேதான். அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் வலி அவளுக்குத் தெரியும்.

"எட்டு மாச வேலை," என்றாள். "நான் போறேன்."

"சரி, போ."

"அப்படிச் சொல்லாதீங்க. வீட்ட விட்டுக் கெளம்புறவளுக்கு என்ன சொல்லணுமோ அதச் சொல்லுங்க."

இனி அவன் பேசுவதெல்லாம் செல்லும். அவன் ஜன்னலைப் பார்த்தான், கையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"போயிட்டு வா," என்றான். "வந்துரு, என்னா?" சொல்லி முடிப்பதற்குள் உதடு கோணி, குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்தது.

அவள் மணிக்கட்டில் இருந்த கடிகாரம் ஒலித்தது. ஆய்வகத்துக் கேள்வி அதில் ஓடியது: 'ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஆகிறது. மருந்தால் வந்த சோகம் ஏதேனும் தென்படுகிறதா?'

ரெக்சலின் ஒரு கையால் அவனை அணைத்தபடியே 'இல்லை' என்பதை அழுத்தினாள்.