ஆள் பிடிக்கும் வேலை

அட்டையை மாற்றிச் செருகியது நான்தான். கருவியைக் குறை சொல்ல வழியில்லை. அது என்னைவிடப் பொறுப்பானது.

கடலோரச் சட்டக் கல்லூரி ஒன்றில், பொதுநல நல்கை என்ற உதவித்தொகைத் திட்டத்துக்கு மாணவர்களைச் சேர்க்கும் முகாம். முன்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஜெனோவா என்ற பெண்ணை மேடைக்கு அழைத்தேன். அட்டையில் உள்ள வாதத்தை அணிந்தவர் வாயாலேயே பேசவைக்கும் குரல்பட்டையை அவள் கழுத்தில் மாட்டி, சேசுபுரம் மீனவர்களின் வாத அட்டையைச் செருகினேன். செருகியதாக நினைத்தேன். அவள் வாய் கணீரென்று பேசத் தொடங்கியது: "கனம் நீதிமன்றமே, சேசுபுரம் குடியிருப்பை உடனே அகற்ற உத்தரவிட வேண்டும்."

துறைமுகக் கம்பெனியின் அட்டை அது.

"சார், அது அவ ஊரு!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். பட்டையின் கொக்கியோடு நான் மல்லுக்கட்டிக் கழற்றுவதற்குள், தன் வீட்டை இடிக்க அவள் நான்கைந்து முன்தீர்ப்புகளை மேற்கோள் காட்டிவிட்டாள். கண்களில் மட்டும் நீர் வழிந்தது. கண்களுக்குப் பட்டை இல்லை.

இரு தரப்புக்கும் வாதம் எழுதுவது ஒரே வாதப்பொறி. அட்டைகளும் ஒரே டப்பாவில் வரும். தீர்ப்பெழுதுவதும் பொறிதான். பழைய சட்டம் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது: ஏழையின் பக்கம் ரத்தமும் சதையுமாக ஒரு வழக்கறிஞர் நிற்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது. யாரோ நல்ல மனிதர் எழுதிவைத்தது. அப்படி நிற்கத்தான் எங்கள் நல்கை. பேசுவதைப் பட்டை பார்த்துக்கொள்ளும்.

நானும் நின்றவன்தான். அதன் பிறகு, சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வதற்குக்கூட முன்தீர்ப்பு தேடுகிறேன். மனைவி தள்ளுபடி செய்துவிடுகிறாள். ஆனால் ஆள் சேர்ப்பதில் நான் கெட்டிக்காரன். போன இடமெல்லாம் யாரோ ஒரு பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்கிறது. இந்தக் கல்லூரியில் மட்டும் ஒன்றுகூட விழவில்லை. "பரீட்சை வருது சார்." "அம்மைக்கு மேலுக்கு முடியல சார்." எல்லோருக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

அரங்கு காலியானது. ஜெனோவா மட்டும் தொண்டையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

"மன்னிச்சிரும்மா."

"பரவால்ல சார். நல்லாத்தான் பேசுனேன். நானே வீட்டக் காலி பண்ணிருப்பேன்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையோடு கொஞ்சம் ஆள் சேர்ப்பும் செய்துபார்த்தேன். புத்தி அப்படி.

"உங்க ஊர் வழக்கு ஆளில்லாம வருஷக்கணக்கா கிடக்கு. தெரியுமா?"

"தெரியும் சார்."

"அவங்களுக்காக நிக்க ஒருத்தர்கூட இல்லையே. நீயாவது வரக்கூடாதா?"

"எனக்குப் பரீட்சை..."

"ஜெனோவா, காலையிலேருந்து எல்லாரும் கதை விடுறாங்க. நீயாவது நேராச் சொல்லு. ஏன் யாருமே வரமாட்டேங்கறீங்க?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"மெய்யாவே தெரியாதா சார்?"

"தெரியாது."

"வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. ஒங்க மூஞ்சியப் பாத்தாப் பாவமா இருக்கு, சொல்லுதேன். ஆள் நிக்காமத் தீர்ப்பு கெடையாது. தீர்ப்பு வராம வீட்ட இடிக்க முடியாது. நீங்க ஆள் புடிச்சுக் குடுத்த ஊரு ஒண்ணுகூட இப்ப இல்ல சார்."