மொட்டைப் பனையடியில் இல்லாத பெட்டி

மணி மூன்றாகியும் தமயந்தி திரும்பிவிட்டதாகச் செய்தி வரவில்லை!

திருச்செந்தூரில் மகுதூமின் செல்போன் கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே கடைக்காரன் மகுதூமும், அவனோடு கல்லூரியில் படித்த ஜெபஸ்டினும் சேர்மக்கனியும் ஒரே போனுக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் காலையில் வந்திருந்த குறிப்பு இது:

‘கோவையிலிருந்து வந்திருக்கிறேன். தேரிக்காட்டுப் பெட்டியைத் தேடித் தனியாகக் கிளம்பிவிட்டேன். கால் மணி நேர நடைதானாம், ஒரு பாட்டில் தண்ணீர் போதுமாம். தேரிப்புலி இவ்வளவு தெளிவாக வழி எழுதியிருக்கும்போது எனக்கென்ன பயம்? மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பியதும் படம் போடுகிறேன். தமயந்தி.’ கீழே அவளுடைய செல் நம்பரும் இருந்தது.

தேரிப்புலி வேறு யாருமில்லை, ஜெபஸ்டின்தான். விளையாட்டுக்காக அவனே தனக்கு வைத்துக்கொண்ட பட்டம். அந்தப் புலி இப்போது பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஜியோகேச்சிங் என்கிற அந்த விளையாட்டு கேட்க எளிது. ஒருவர் தண்ணீர் புகாத டப்பா ஒன்றை எங்காவது ஒளித்துவைப்பார். நிலத்துக்காரரிடம் சம்மதம் வாங்கித்தான் வைக்க வேண்டும். அது இருக்கும் புள்ளியை ஆப்பில் போடுவார். மற்றவர்கள் போனும் கையுமாகக் காடு மேடெல்லாம் அலைந்து அதைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்தது இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். பிறகு ஆப்பில் ‘கிடைத்தது’ என்றோ ‘கிடைக்கவில்லை’ என்றோ பதிய வேண்டும். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும். காவல் கிடையாது, பரிசும் கிடையாது. ஒருவர் எழுதுவதை அடுத்தவர் நம்புகிறார், அவ்வளவுதான்!

போன மாதம் ஜெபஸ்டின் ‘கிடைத்தது’ என்று எழுதினான். அந்தப் பெட்டியை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

தேரிக்காட்டின் செம்மணல் மேடுகளுக்கு மூவரும் போனது உண்மை. முதல் மணல்மேட்டில் ஏறியதுமே ஆடிக்காற்று முகத்தில் செம்மண்ணை அள்ளி அடித்தது. செருப்புக்குள் மணல் கொதித்தது. திரும்பி வந்து உடன்குடியில் சர்பத் குடித்தார்கள். மாவட்டத்துப் பெட்டிகள் அத்தனையையும் யார் முதலில் முடிப்பது என்று மதுரைக் குழு ஒன்றோடு அவர்களுக்குப் போட்டி. பாக்கி இருந்தது இது ஒன்றுதான். சர்பத் கிளாஸைக் கீழே வைக்கும்முன் ஜெபஸ்டின் எழுதி முடித்துவிட்டான். மகுதூம் சிரித்தான். சேர்மக்கனி, “இது சரியில்ல ஜெபா” என்றாள். அதோடு அவளும் விட்டுவிட்டாள்.

வெறும் ‘கிடைத்தது’ என்று எழுதியிருந்தாலாவது பரவாயில்லை. பொய்க்கு அலங்காரம் செய்யாமல் அவனால் இருக்க முடியவில்லை. ‘மேப் காட்டும் புள்ளி தப்பு, அங்கே போய் நேரத்தை வீணாக்காதீர்கள். முதல் மேட்டில் ஏறியதும் ஒரு மொட்டைப் பனை தெரியும். அதற்குத் தெற்கே பள்ளத்தில் மூன்று கொல்லாமரங்கள். பனையின் வேரடியில் பெட்டி. கால் மணி நேர நடை, ஒரு பாட்டில் தண்ணீர் போதும். மிக எளிது!’ பனையும் பொய், கொல்லாமரங்கள் என்கிற அந்த முந்திரி மரங்களும் பொய்.

“போன் போட்டுப் பாத்தியா?” என்றாள் சேர்மக்கனி.

“தொடர்பு எல்லைக்கு வெளியேன்னுதான் வருது. அங்கன டவர் கிடையாதுல்லா” என்றான் ஜெபஸ்டின். “என்னாலதான் சேர்மா. அந்த அக்காவுக்கு ஏதாவது ஆச்சுன்னா...”

“அழுவதுக்கு நேரமில்ல. கிளம்புல!”

சேர்மக்கனி பம்பரமாகச் சுழன்றாள். தண்ணீர்க் கேன், உப்புச் சர்க்கரைப் பொடி, விசில், பேண்டேஜ், தொப்பி. டவர் போவதற்கு முன் மேப்பையும் ஜெபஸ்டினின் குறிப்பையும் போனில் சேமித்தாள். “தேடிப் போற நம்மளத் தேடி இன்னொருத்தர் வரக் கூடாது. பெட்டிக்காரருக்குச் சொல்லிரு” என்றாள்.

பெட்டியை வைத்தவர் சாத்தான்குளத்து இஸ்ரவேல் அண்ணாச்சி. ஜெபஸ்டின் அவருக்குச் செய்தி அனுப்பினான். ‘ஒரு அக்கா தேரியில் மாட்டிக்கொண்டிருக்கலாம். நாங்கள் போகிறோம். இருட்டுவதற்குள் தகவல் இல்லையென்றால் போலீசுக்குச் சொல்லுங்கள்.’ எந்தப் பக்கம் போகிறார்கள் என்றும் எழுதினான். தான் எழுதியது பொய் என்பதை மட்டும் விட்டுவிட்டான். விரல் அந்த இடத்தில் ஓடவில்லை.

இரண்டு பைக்குகள் பறந்தன.

தேரியின் ஓரத்தில், மர நிழலில் ஒரு வாடகை ஸ்கூட்டர் நின்றது. கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டின் மேல் செம்மண் படிந்திருந்தது.

கால்தடம் ஒன்றுகூட இல்லை! காற்று எல்லாவற்றையும் வழித்துத் துடைத்திருந்தது. எதிரே செக்கச் செவேலென்று மணல் மேடுகள், ஒன்றன்பின் ஒன்றாக.

“மேப்ல இருக்க புள்ளிக்கே நேரா போவோம்” என்றான் மகுதூம்.

“அங்க அவங்க போயிருக்க மாட்டாங்க. போகாதீங்கன்னு எழுதினதே இவன்தான” என்றாள் சேர்மக்கனி. போனை ஜெபஸ்டின் கையில் திணித்தாள். “வாசி. ஒவ்வொரு வரியா வாசி. நீ எழுதினத நம்பின ஆளு எப்பிடிப் போவாங்களோ, அப்பிடித்தான் நாமளும் போகணும்.”

பொய்யே வரைபடமாகிவிட்டது! ஜெபஸ்டின் தன் வார்த்தைகளைத் தானே உரக்க வாசித்தான். ‘கால் மணி நேர நடை’ என்ற இடத்தில் அவன் குரல் உள்ளே போய்விட்டது. முதல் மேட்டின் உச்சிக்கு ஏறவே அவ்வளவு நேரமாகியிருந்தது.

உச்சியில் நின்று பார்த்தவன் திகைத்துப்போனான்.

“ஐயையோ!”

ஒரு மொட்டைப் பனையா? கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மொட்டைப் பனைகள்! காய்ந்து, தலை விழுந்து, கிழக்கே ஒன்று, மேற்கே மூன்று, பள்ளத்துக்கு அப்பால் ஒரு கூட்டம். தமயந்தி இதில் எதைத் தேடிப் போனாள்?

“எதுன்னு தெரியலன்னா எல்லாத்தையும்தான் பாத்திருப்பாவ” என்றான் மகுதூம் மெதுவாக. அவன் முகத்திலும் இப்போது சிரிப்பு இல்லை.

முதல் பனைக்கு ஓடினார்கள். ஒன்றுமில்லை. இரண்டாவது பனையடியிலும் ஒன்றுமில்லை. ஒரு காகிதம், ஒரு பழத்தோல், மணலில் ஒரு குழி, எதுவும் இல்லை. விளையாட்டின் விதியை அந்த அம்மாள் அச்சுப் பிசகாமல் காப்பாற்றியிருந்தாள். தோண்டிய இடத்தைத் திரும்ப மூடி, மேலே கிடந்த சருகைக்கூட எடுத்து வைத்துவிட்டு நகர்ந்திருந்தாள். ஒழுங்காக விளையாடிய ஒரே காரணத்தால் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை!

“நில்லுங்க!” சேர்மக்கனி மூன்றாவது பனையடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “இந்த மண்ணப் பாருங்க. சுத்தி இருக்கதவிட இது கொஞ்சம் கறுப்பா இல்ல?”

தொட்டுப் பார்த்தார்கள். லேசான ஈரம். அடிமண் மேலே வந்திருக்கிறது! யாரோ தோண்டி மூடியிருக்கிறார்கள். முதல் இரண்டு இடங்களில் வெயில் அதை உலர்த்திவிட்டது.

“ஈரம் கூடக் கூட ஆள் பக்கத்துல இருக்காவன்னு அர்த்தம்!” என்று கத்தினான் மகுதூம்.

அதற்குப்பின் மூவரும் நடக்கவில்லை, ஓடினார்கள். ஒரு பனை, அடுத்த பனை. ஒவ்வொரு மரத்தடியிலும் கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு. ஒவ்வொரு திட்டும் ஜெபஸ்டினைச் சுட்டது. இந்த வெயிலில், இந்த மணலில், ஒருத்தி வெறும் கையால் தோண்டியிருக்கிறாள். இல்லாத ஒன்றுக்காக. தன் பேச்சை நம்பி.

சேர்மக்கனி விசிலை ஊதினாள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. மறுபடி ஊதினாள். மறுபடியும்!

கீழே எங்கிருந்தோ ஒரு கைதட்டல் கேட்டது.

மேட்டின் விளிம்புக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்த ஜெபஸ்டினுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கீழே பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு மொட்டைப் பனை. அதற்குத் தெற்கே மூன்று கொல்லாமரங்கள்! அவன் மனதில் இட்டுக்கட்டிய இடம் அப்படியே இருந்தது. அந்த மரங்களின் நிழலில் கால் நீட்டி ஒரு பெண் கிடந்தாள்.

சறுக்கிக்கொண்டே இறங்கினார்கள். தமயந்திக்கு ஐம்பது வயதிருக்கும். உதடு வெடித்திருந்தது. வலது கணுக்கால் வீங்கிப் பனங்காய் போல இருந்தது. பக்கத்தில் காலிப் பாட்டில். சேர்மக்கனி உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து வாய் வாயாகக் கொடுத்தாள். மகுதூம் காலுக்குக் கட்டுப் போட்டான். மெல்ல அவளுக்குப் பேச்சு வந்தது.

“நல்ல நேரத்துக்கு வந்தீங்க கண்ணு... இறங்கறப்ப காலு மடங்கிருச்சுங்க. நீங்களும் பொட்டி தேடித்தான் வந்தீங்களா?”

“உங்களத் தேடித்தான் வந்தோம்க்கா” என்றாள் சேர்மக்கனி. “இவன்தான் தேரிப்புலி.”

தமயந்தியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை ஜெபஸ்டினால் பார்க்கவே முடியவில்லை.

“நீங்களா தம்பி! எவ்வளவு அழகா எழுதியிருந்தீங்க! எனக்குத்தான் மரத்தக் கண்டுபிடிக்கத் துப்பில்லீங்க. கடைசியில இந்த எடத்துக்கு வந்து சேர்ந்துட்டேன். ஆனா பொட்டியக் காணமுங்க. காத்து அடிச்சுட்டுப் போயிருச்சாட்ட இருக்குது. நீங்க பாடுபட்டுக் கண்டுபிடிச்ச எடம் வீணாப் போகக்கூடாதுன்னு என்கிட்ட இருந்த டப்பாவ அதே வேரடியில வெச்சுட்டேனுங்க. புதுத் தாளும் போட்டிருக்கறேன். இருங்க, முதல்ல உங்க பேர எழுதிக் குடுங்க.”

மகுதூம் போய் எடுத்து வந்தான். பச்சை மூடி போட்ட சின்ன டப்பா. உள்ளே நான்காக மடித்த தாள், ஒரு பேனா, குழந்தைகளுக்கான ஒரு பம்பரம். சொன்ன இடத்தில், சொன்ன மரத்தடியில், பெட்டி!

“எழுதிரு மக்கா” என்று மகுதூம் அவன் காதோடு சொன்னான். “போன மாசத் தேதியப் போட்டு எழுதிரு. நீ எழுதினதெல்லாம் உண்மையாயிரும். யாருக்குத் தெரியப் போவுது?”

ஜெபஸ்டின் பேனாவை எடுத்தான். ஒரு வரி போதும். மதுரைக்காரர்களும் வாயடைத்துப் போவார்கள், இந்த அம்மாளும் சந்தோஷமாக ஊர் போய்ச் சேருவாள். அவன் கண் அவளுடைய விரல்களில் போய் நின்றது. நகத்துக்குள்ளெல்லாம் செம்மண். இரண்டு நகங்கள் கிழிந்திருந்தன.

பேனாவை மூடினான்.

“அக்கா, இங்க பெட்டியே இருந்ததில்ல” என்றான். “நான் முதல் மேட்டத் தாண்டி வந்ததே இல்ல. பனை, கொல்லாமரம் எல்லாம் நானா எழுதினது. கால் மணி நேரம்னு எழுதினதும் பொய்தான். போட்டியில ஜெயிக்கணும்னு எழுதிட்டேன்.”

“நாங்க ரெண்டு பேரும் தெரிஞ்சேதான் பேசாம இருந்தோம்” என்றாள் சேர்மக்கனி தலைகுனிந்து.

தமயந்தி அவனையே பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

“பொட்டியே இல்லீங்களா?” என்றாள். “எத்தன மரத்தடியில தோண்டுனேன் தெரியுங்களா...”

திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளை முதுகில் சுமந்துகொண்டு ஜெபஸ்டின் மணல்மேடு ஏறினான். மற்ற இருவரும் மாறி மாறிக் கேட்டும் கொடுக்கவில்லை. இரண்டு அடி ஏறினால் ஓரடி சறுக்கியது. மூச்சு இரைத்தது, அவன் நிற்கவில்லை. அடிவானத்தில் சூரியன் இறங்கும் நேரத்தில் ஸ்கூட்டர் கண்ணில் பட்டது. மகுதூம் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தான். வந்துவிட்டார்கள்! உயிரோடு, முழுசாக!

கீழே இறக்கிவிட்டதும் தமயந்தி பச்சை டப்பாவைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“வெச்சவரக் கேக்காம நான் புது டப்பா வெச்சதும் தப்புத்தானுங்க. என் தப்ப நான் எழுதிக்கறேன். உங்க தப்ப நீங்க எழுதுங்க” என்றாள்.

டவர் கிடைத்ததும் அண்ணாச்சிக்குத் தகவல் சொல்லி, அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்து அவன் எழுதினான். ‘கிடைத்தது’ என்பதை அழித்துவிட்டு ‘கிடைக்கவில்லை’ என்று போட்டான். நடந்தது அத்தனையையும் எழுதினான். ஆடிக்காற்றில் யாரும் தனியாகப் போகாதீர்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினான். மதுரைக்காரர்கள் கேலி செய்தார்கள். அது வலிக்கவில்லை. இஸ்ரவேல் அண்ணாச்சியின் பதில்தான் வலித்தது: ‘தம்பி, உன் குறிப்பை முழுசாக வாசிக்காமல், கிடைத்தது என்று நீ எழுதிய ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் இந்தக் காற்றில் போய்ப் பெட்டியைப் பார்க்காமல் விட்டேன். இல்லாவிட்டால் யாரும் வரவேண்டாம் என்று அப்போதே ஆப்பில் இதை மூடிவைத்திருப்பேன்.’

அன்றே அவர் அதை மூடிவைத்தார். காற்று அடங்கியதும் மார்கழியில் மறுபடி திறந்தார்.

திறந்த வாரமே கோவையிலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘கால் சரியாகிவிட்டது. வழி தெரிந்த புலி யாராவது இருந்தால் வரலாம்.’

நால்வரும் விடியும்போதே கிளம்பினார்கள். கேன் நிறையத் தண்ணீர். மேப் காட்டிய புள்ளிக்கே நேராகப் போனார்கள். புள்ளி துளிகூடத் தப்பில்லை! அங்கே மொட்டைப் பனை இல்லை. உடைமரம் என்கிற முள்மரம் ஒன்று நின்றது. அதன் கவட்டையில் கம்பியால் கட்டிய பழைய டிபன் பாக்ஸ்! மகுதூம் போட்ட கூச்சலில் இரண்டு மயில்கள் பறந்தன.

தமயந்தி தாளை விரித்துத் தன் பெயரை எழுதினாள். பம்பரத்தை உள்ளே வைத்தாள். பிறகு பேனாவை ஜெபஸ்டினிடம் நீட்டினாள்.

அவன் பெயரை எழுதினான். தேரிப்புலி என்றல்ல, ஜெபஸ்டின் என்று. பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டான்.