தேரிக்குள் ஒரு மணி, ஜீப்பில் ஒரு பொய்

"இன்னும் ரெண்டே நாள்! அதுக்குள்ள எடுக்கலைன்னா தேரி மறுபடியும் அதை முழுங்கிரும், அண்ணே!"

சாராள் சொன்னதும் ஞானதுரை எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான். இந்தப் பேச்சு தெருவுக்குக் கேட்கக் கூடாது.

மருதன்விளைக்கும் கடலுக்கும் நடுவே மேடுமேடாகக் கிடக்கும் செம்மணல்தான் தேரி. ஆடிக் காற்றில் அது இடம் மாறும். இன்றைய மேடு நாளைக்குப் பள்ளம். அறுபது வருடங்களுக்கு முன், ஊர்ப் பெண்கள் கொடுத்த வெண்கலப் பாத்திரங்களை உருக்கி வார்த்த தேவாலய மணி, மாட்டுவண்டியில் அந்தத் தேரி வழியாகத்தான் வந்தது. கொண்டுவந்தவர் சபை மூப்பர் வேதமாணிக்கம், ஞானதுரையின் தாத்தா. நடுவழியில் மணற்காற்று அடித்தது. மாடுகள் அறுத்துக்கொண்டு ஓடின. மூப்பரும் வண்டிக்காரரும் உயிரோடு திரும்பினார்கள். மணி திரும்பவில்லை.

ஊர் நம்பவில்லை. 'மணியைத் தின்ற வீடு' என்று பேர் வைத்தது. வேதமாணிக்கம் மானஸ்தர். "மணி வரும்வரை என் வீட்டார் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார்கள்" என்று சபை நடுவே சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் அந்த பெஞ்சை விட்டு நகரவில்லை. யாரும் நகரச் சொல்லவும் இல்லை.

இப்போது தாத்தாவின் நோட்டுப் புத்தகம் காட்டிய வழியில் தேடிப் போன சாராளின் கணவன் எட்வின், தனித்து நிற்கும் மூன்று பனைகளுக்குத் தெற்கே மணலுக்கு மேல் ஒரு வெண்கல விளிம்பைப் பார்த்துவிட்டான். துறைமுகத்தில் பளு தூக்கும் வேலை பார்ப்பவன். பார்த்ததுமே எடையைச் சொன்னான்.

"முந்நூறு கிலோவுக்குக் குறையாது, மச்சான்."

நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் வீட்டில் இருந்தது. ஆனால் முன்பக்கத்தை ஓர் அழுத்து அழுத்தினால் மூன்று தடவை தலையாட்டியது. ஷாக் அப்சர்பர் நான்கும் எண்ணெய் கசிந்து செத்திருந்தன. அப்படியே தேரிக்குள் போனால் முதல் மேட்டிலேயே கவிழ வேண்டியதுதான்!

மறுநாள் விடிந்ததும் மூவரும் உடன்குடி சாலையில் இருந்த மாசானமுத்துவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். ஐம்பது வயது மனிதர். ஜீப்பைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு இரண்டு வகை ஷாக்குகளை எடுத்து வந்து வைத்தார்.

ஞானதுரை ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தான். ரப்பர் சீலைச் சுரண்டினான். வெல்டிங்கை நகத்தால் நெருடினான். பழையதற்குப் பெயின்ட் அடித்து விற்கிறாரோ?

"மோந்தும் பாத்திருங்க தம்பி" என்றார் மாசானமுத்து. "இது எண்ணெய் ஷாக்கு. மெத்துன்னு இருக்கும். அது கேஸு. கல்லு மாதிரி. வண்டில எவ்வளவு பாரம் ஏத்துவிய?"

"அது எதுக்கு?"

"அதை வச்சுத்தானே எடுத்துத் தரணும்! பாரத்தைத் தாங்குறது அடியில இருக்குற வில்லுப் பட்டை. துள்ளலை அடக்குறதுதான் ஷாக்கு. வெறும் வண்டியில கல்லு ஷாக்கை மாட்டினா முயல் மாதிரி துள்ளும், உங்க இடுப்பு கழண்டுரும். பாரம் ஏத்திட்டு மெத்து ஷாக்குல போனா, நாலு மேடு தாண்டுறதுக்குள்ள எண்ணெய் கொதிச்சு கையை விட்டுரும். எவ்வளவு பாரம்?"

முந்நூறு கிலோ என்றால் என்ன பொருள் என்று கேட்பார். மதியத்துக்குள் பாதி உடன்குடி தேரிக்குள் நிற்கும். ஞானதுரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"ஆள் மூணு பேர். தண்ணி கேன் ரெண்டு. அவ்வளவுதான்."

மாசானமுத்துவின் பார்வை ஜீப்பின் பின்பக்கம் போனது. அங்கே சாக்குக்கு அடியில் எட்வினின் பளு தூக்கும் செயின் பிளாக் எட்டிப் பார்த்தது. எட்வின் மெல்ல நகர்ந்து அதை மறைத்து நின்றான்.

"எந்த ஊரு?"

"மருதன்விளை" என்றாள் சாராள், அண்ணன் கண்ணைக் காட்டுவதற்குள். "மூப்பர் வேதமாணிக்கம் பேத்தி நான்."

மாசானமுத்துவின் கையிலிருந்த ஸ்பேனர் ஒரு கணம் நின்றது. அதன் பிறகு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எண்ணெய் ஷாக்குகளை மாட்டினார். பின்பக்க ஷாக்கின் பளபளத்த தண்டில் மட்டும் ஒரு ரப்பர் வளையத்தைச் செருகினார்.

"அது என்ன?" ஞானதுரை பாய்ந்தான்.

"தண்டு எவ்வளவு ஆழம் உள்ள போவுதுன்னு இது காட்டிக்கொடுக்கும். இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

ஊர் எல்லையைத் தாண்டும்வரை ஞானதுரை திரும்பித் திரும்பிப் பார்த்தான். "ஊர்ப் பேரைக் கேட்டதும் அந்த ஆளு ஏன் அடங்கிட்டான்?"

"நீங்க முறைச்ச முறைப்புக்கு எங்க துறைமுகத்துக் கிரேனே அடங்கிரும், மச்சான்!"

சாராள் ஓட்டினாள். டயர்க் காற்றைப் பாதி இறக்கிவிட்டு ஜீப்பை மணலில் ஏற்றினாள். சீறிக்கொண்டு ஏறியது! வழுக்கிக்கொண்டு இறங்கியது! புது ஷாக்குகள் ஒவ்வொரு மேட்டையும் தொட்டில்போல வாங்கிக்கொண்டன. பத்து மணிக்கு மூன்று பனைகளும் தெரிந்தன. விளிம்பில் பாதியை மணல் ஏற்கெனவே மூடியிருந்தது!

மண்வெட்டியும் கையுமாக மூன்று மணி நேரம் தோண்டினார்கள். தோண்டத் தோண்டச் சரிந்தது. கடைசியில் எட்வின் மூன்று பனங்கழிகளைக் கூடாரம்போல் நட்டு செயின் பிளாக்கைத் தொங்கவிட்டான். கடகடவென்று சங்கிலி இழுத்தது. மணலைச் சிந்திக்கொண்டு மணி எழுந்தது! அதன் இடுப்பில் 'மருதன்விளைப் பெண்கள் காணிக்கை' என்ற எழுத்துகள். ஞானதுரை தொப்பியைக் கழற்றினான்.

மணி ஏறியதும் ஜீப்பின் பின்பக்கம் மண்டியிட்டது.

முதல் மேடு தாண்டியது. இரண்டாவதில் குதித்தது. ஐந்தாவது மேட்டில் 'டம்' என்று இரும்போடு இரும்பு மோதியது! ஜீப் குதிரைபோலத் துள்ளிப் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. சாராள் பிரேக்கை மிதித்த மிதியில் மணி ஒருமுறை 'டங்' என்றது.

ஞானதுரை கீழே குனிந்தான். ஷாக்கிலிருந்து எண்ணெய் ஒழுகியது. ரப்பர் வளையம் தண்டின் உச்சியில் போய் நசுங்கிக் கிடந்தது. காற்று வலுத்தது. டயரைச் சுற்றி மணல் ஏறத் தொடங்கியது.

"அண்ணே, அங்க பாரு!"

அவர்கள் வந்த தடத்திலேயே செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு இன்னொரு ஜீப் வந்தது. ஓட்டி வந்தவர் மாசானமுத்து!

"அப்பவே சந்தேகப்பட்டேன்ல!" ஞானதுரை கடப்பாரையைத் தூக்கினான். "கிட்ட வராதீரும்! இது எங்க வீட்டு மானம். ஒருத்தனுக்கும் விட மாட்டேன்!"

மாசானமுத்து இறங்கினார். மணியைப் பார்த்தார்.

"எங்க கொண்டு போறிய? உருக்கவா?"

"உருக்கவா? ஊருக்குத்தான்வே! எங்க தாத்தா இதைத் தூக்கி மாட்ட வேண்டிய கோபுரத்துக்கு!"

"மணி மேல அடிச்சுச் சொல்லும்."

ஞானதுரை உள்ளங்கையால் மணியை ஓங்கி அறைந்தான். அது முனகியது.

மாசானமுத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். "அந்த வண்டியை ஓட்டுனது எங்க தாத்தா பேச்சிமுத்து. உங்களுக்குக் கடைசி பெஞ்சாவது கிடைச்சுது. எங்களுக்கு ஊரே இல்லாமப் போச்சு. திருட்டு வண்டிக்காரன்னு விரட்டிட்டாவ. செயின் பிளாக்கு, மருதன்விளை, மூப்பர் பேத்தி, அதுக்கு மேல ஒரு பொய்! அன்னைக்குப் பதுக்குனதை இன்னைக்கு எடுக்கப் போறியன்னுதான் பின்னாலயே வந்தேன்."

"தெரிஞ்சே மெத்து ஷாக்கை மாட்டினீரா?"

"நீங்க சொன்ன பாரத்துக்குத்தான் மாட்டினேன். கல்லு ஷாக்கு என் வண்டில இருக்கு. மணி ஊருக்குப் போவுதுன்னா மாட்டித் தருவேன். வேற எங்கயாவது போவுதுன்னா இங்கயே கிடக்கட்டும்னு நெனச்சேன்."

கடப்பாரை ஞானதுரையின் கையிலிருந்து நழுவியது. நிமிர்ந்தே பழகிய தலை கொஞ்சம் குனிந்தது.

"முந்நூறு கிலோ, அண்ணாச்சி. ஆள் மூணு. தண்ணி கேன் ஒண்ணு. இன்னொண்ணு காலி."

மாசானமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதைக் காலையில சொல்லியிருந்தா இந்நேரம் ஊர்ல சாப்பிட்டுட்டு இருப்போம்லா!"

மணலில் பலகை போட்டு ஜாக்கி வைத்தார்கள். மணலைத் தள்ளத் தள்ளக் காற்று கொண்டுவந்து கொட்டியது. அரை மணி நேரத்தில் பின்பக்கம் இரண்டு கேஸ் ஷாக்குகளும் ஏறின. பட்டைக்கு நடுவே ரப்பர் கட்டைகளையும் சொருகினார். சாராள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஜீப் உறுமியது, ஆடியது, பிடித்தது, ஏறியது!

மாலை வெயிலில் மருதன்விளை தெருவுக்குள் அவர்கள் நுழைந்தபோது, ஜீப்பின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் மணி அடித்தது. ஊரே வாசலுக்கு ஓடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மணி கோபுரத்தில் ஏறியதும் இப்போதைய சபை மூப்பர் மணிக் கயிற்றை முதலில் ஞானதுரையிடம் நீட்டினார். அவன் திரும்பி, வாசலுக்கு வெளியே நின்ற மாசானமுத்துவைப் பார்த்தான்.

"உள்ள வாங்க, அண்ணாச்சி. ரெண்டு வீட்டு மணி இது."

நான்கு கைகள் சேர்ந்து இழுத்தன. அன்று கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது.

அடுத்த மாதம் சர்வீஸுக்குப் போனபோது, மாசானமுத்து வாயைத் திறப்பதற்குள் ஞானதுரை ஒப்பித்தான்:

"ஆள் அஞ்சு பேர், அண்ணாச்சி. அரிசி மூட்டை ரெண்டு. எங்க அம்மாவும் வாறா. எடையைச் சொல்ல மாட்டேங்கா. நீங்களே ஒரு கணக்குப் போட்டுக்கோங்க."